பத்தொன்பது சத இடியப்பம்

எங்கள் கல்லூரியில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்குவதென்றாலும் மூன்று பேர் விலை எழுதித் தரவேண்டும். மூன்றிலும் குறைந்ததைத்தான் வாங்கவேண்டும். இது அரசாங்க விதி. கடைக்கார ராஜரத்தினம் முதலாளிக்கு இந்த விதியில் அளவில்லாத மரியாதை. ஒவ்வொரு தடவையும் மூன்று கடிதம் தவறாமல் கொண்டுவருவார். ஒன்று தன் பெயரில், அடுத்தது மனைவி பெயரில், மூன்றாவது மச்சான் பெயரில். மூன்றையும் ஒரே மேசையில் இருந்து ஒரே பேனையால் எழுதியிருப்பார். மச்சான் செத்து இரண்டு வருஷமான பிறகும் மச்சானின் விலை வந்துகொண்டிருந்தது, அதுவும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு.

என் பெயர் ஞானேஸ்வரி. ஊர் பளை. எண்பத்திரண்டாம் ஆண்டு நான் அந்த விவசாயக் கல்லூரியில் சாமான் கொள்வனவு பார்க்கும் இலிகிதர், அதாவது கிளாக்கர். கண்டி வீதியிலிருந்து ஒரு மைல் உள்ளே, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில் கல்லூரி. விடுதியில் அறுபது பெடியன்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாடு ராஜரத்தினம் முதலாளி கடைப் பாண் ரொட்டி. முந்தின நாள் சுட்ட பாண் வந்தால் அன்றைக்குப் பெடியன்களுக்கு யோகம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அறுபது பேரும் தங்கள் பாண்களைக் கொண்டுபோய் கல்லூரி அதிபரின் அறை வாசலில் அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று கோஷம் போட்டார்கள். பாண் நசியவில்லை.

அதே மாதம் கணக்காய்வுக்காரர் வந்து, செத்த மச்சான் எப்படி விலை எழுதினார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அதிபர் பரமேஸ்வரன் நல்ல மனிதர், ஆனால் கணக்காய்வு என்ற சொல்லைக் கேட்டாலே கக்கூசுக்கு ஓடுவார். அன்று நாலு தரம் பின்பக்கம் போய் வந்தபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், விதி என்ன சொல்லுது?"

"பகிரங்கக் கேள்விப்பத்திரம் போடச்சொல்லுது, சேர்."

அதாவது, ஊருக்கு அறிவித்தல் ஒட்டவேண்டும். விரும்பியவர்கள் விலையை எழுதி, உறையை ஒட்டி, பூட்டிய பெட்டிக்குள் போடவேண்டும், அது திறக்கும் நிமிஷம்வரை போடலாம். குறித்த நாளில் எல்லோருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து, இன்னார் இவ்வளவு என்று உரத்து வாசிக்கவேண்டும். குறைந்தது மூன்று பேராவது, மூவரும் உயிரோடு, வேறு வேறு ஆட்களாகப் போட்டிருக்கவேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் கேள்விப்பத்திரம் செல்லாது, பழைய ஆளே இன்னொரு வருஷம் கொடுக்கலாம். உயிரோடு என்பது நான் சேர்த்தது.

பெடியன்கள் இடியப்பம் கேட்டார்கள். இடியப்பத்துக்கு விவரணம் எழுதவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. விட்டம் நாலரை அங்குலம், சிவப்பரிசி மா, ஆளுக்கு ஆறு, சம்பலும் சொதியும் சேர்த்தி, மயிர் கல் பூச்சி முதலியன இல்லாதிருத்தல். நாலரை அங்குலத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்கிறீர்களா? சுப்பம்மாவின் இடியப்பத்தின்மேல் அடிமட்டத்தை வைத்துத்தான். இது முறைகேடு. இதைவிடப் பெரிய முறைகேடு பின்னால் வருகிறது, பொறுங்கள்.

சுப்பம்மா எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்தவள். கல்லூரி வேலிக்குப் பின்னால் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புருஷன் வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். நாத்தனார் மீனம்மாவும் அவளும் பகலில் ஐயாத்துரையின் வயலில் கூலி வேலை செய்வார்கள். பின்னேரம் கல்லூரி வாசலில் ஒரு பெட்டியில் இடியப்பம் கொண்டுவந்து விற்பார்கள். வைத்து ஐந்து நிமிஷத்தில் பெட்டி காலி.

"நட்டா கூலி, அறுத்தா கூலிங்கம்மா. நடுவுல நாலு மாசம் ஐயா வூட்டுல கூப்பிடுவாங்களான்னு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்," என்றாள் என்னிடம். "இது கெடைச்சா ஒரு வருசம் யாரு வாசலையும் பாக்க வேணாம்."

இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு வருஷம். இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? இடியப்பம் ஒன்று இருபத்தெட்டு சதம் என்று இரண்டு பேருமாய்க் கணக்குப் பார்த்தோம். அரிசி, தேங்காய், விறகு போக அவளுக்கும் மீனம்மாவுக்கும் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் மிஞ்சும். ராஜரத்தினம் முதலாளி நாற்பத்தைந்துக்குக் குறைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய விலைகளை எட்டு வருஷமாகக் கோவைப்படுத்தியவள் நான்.

ஆனால் மூன்றாவது ஆள்? ஊரில் ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள். எல்லோரும் ராஜரத்தினத்தின் கடையில் கடன் கொப்பி வைத்திருப்பவர்கள். அவருக்கு எதிராக விலை போட்டால் அடுத்த நாள் சீனி இல்லை. கொப்பி இல்லாத ஒரே ஆள் ஐயாத்துரை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர், ஐந்து ஏக்கர் நெல், இரண்டு சோடி மாடு, ஒரு உழவு இயந்திரம், இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு மரியாதை. ராஜரத்தினத்தின் நெல்லுத் தராசைப் பற்றி அவருக்குப் பழைய கோபமும் இருந்தது.

இனி அந்தப் பெரிய முறைகேடு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஐயாத்துரையிடம் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் இடியப்பம் குடுக்கத் தேவையில்லை. பேருக்கு ஒரு விலை போட்டால் காணும். ஐம்பது சதம் எண்டு எழுதுங்கோ. ஆக்கள் மூண்டாகும். ராஜரத்தினம் விழுவார்."

"அவன் விழுவான் எண்டால் நான் நூறு சதமும் எழுதுவன் பிள்ளை," என்றார். "ஆருக்குக் கிடைக்கும்?"

"சுப்பம்மாவுக்கு. அவள் இருபத்தெட்டு போடுறாள்."

"எங்கடை சுப்பம்மாவுக்கோ? நல்லது, நல்லது."

செத்த மச்சானை வைத்து ராஜரத்தினம் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். என் ஆள் உயிரோடு இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

விலை போடுகிறவர்கள் முந்நூறு ரூபாய் பிணை கட்டவேண்டும். சுப்பம்மா காதில் கிடந்ததை ஈடுவைத்துக் கட்டினாள். பிறகு சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொருவரின் குசினியையும் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். அந்தக் குசினியில் மட்டும்தான் சாப்பாடு சமைக்கலாம், வேறெங்கும் கூடாது. பரிசோதகர் ஐயாத்துரை வீட்டுக்குப் போனார். ஐயாத்துரையின் மனைவி சிவனேஸ்வரி கோப்பியும் பயற்றம் பணியாரமும் கொடுத்தா. சான்று கிடைத்தது. சுப்பம்மாவின் கொட்டில் வீட்டுக்கும் போனார். பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தார், அடுப்பு மேடையில் விரலைத் தேய்த்துப் பார்த்தார், தண்ணீர் எந்தக் கிணறு என்று கேட்டார். மிகச் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவள் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

பெட்டி திறக்கும் நாள் கல்லூரி மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? நாற்பது ஐம்பது சனம். மாவட்ட நிர்வாகக் கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து அதிபருக்குப் பக்கத்தில் இருந்தார். உறைகளை வெட்டுவது நான், வாசிப்பது அதிபர்.

"ராஜரத்தினம். இடியப்பம் ஒன்று நாற்பத்தைந்து சதம்."

சனத்துக்குள் ஒரு சிரிப்பு. "இடியப்பத்தைப் பவுணிலை பிழிவாராக்கும்," என்று பின்னால் ஒரு குரல். முதலாளி மேலே கூரையைப் பார்த்தார்.

"சுப்பம்மா. இருபத்தெட்டு சதம்."

சனம் தலையாட்டியது. சுப்பம்மா சுவரோடு நின்றாள், இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தில் மூன்றாவது உறையைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

"ஐயாத்துரை," என்று வாசித்த அதிபர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பத்தொன்பது சதம்."

நான் கடிதத்தைப் பறித்துப் பார்த்தேன். ஐம்பது என்று வடிவாக எழுதி, வெட்டி, பக்கத்தில் பத்தொன்பது என்று எழுதி, வெட்டிய இடத்தில் முறைப்படி கையெழுத்தும் வைத்திருந்தார். வெட்டினால் கையெழுத்து வைக்கவேண்டும் என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். சனம் கைதட்டியது. ஐயாத்துரை சால்வையை ஒருதரம் உதறித் தோளில் போட்டார்.

வெளியே வேம்படியில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, என்ன விசர்வேலை பார்த்தனீங்கள்?"

"கோபிக்காதை பிள்ளை. நீ சொன்னமாதிரித்தான் எழுதிக்கொண்டு வந்தனான். இஞ்சை வந்து பார்த்தால் ஊர் முழுக்க நிக்குது. ஐயாத்துரை ஐம்பது சதம் எண்டு வாசிச்சால் நான் எப்பிடித் தெருவாலை போறது? ராஜரத்தினத்தை விடக் கொள்ளைக்காரன் எண்டெல்லோ சொல்லுவாங்கள்."

"சரி, ஒரு முப்பதைப் போட்டிருக்கலாமே?"

"எங்கடை வயல்லை கூலிக்கு நிக்கிறவள் இருபத்தெட்டு. நான் அவளை விடக் கூடக் கேக்கிறதோ?"

"அப்ப இருபத்தேழு போட்டிருக்கிறதுதானே?"

"அதெப்பிடிப் பிள்ளை? ஒரு சதம் குறைச்சால் அவளோடை போட்டி போட்டமாதிரி இருக்கும். அதுதான் ஒரு மதிப்பாக் குறைச்சுப் போட்டன்."

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அதிபரிடம் ஓடினேன். விதி என்ன சொல்லுது என்று அவர் கேட்டார். குறைந்த விலைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று விதி சொன்னது. எடுத்த ஆள் தொடர்ந்து மூன்று நாள் சரியாகக் கொடுக்காவிட்டால் பிணைக்காசு பறிபோகும், அடுத்த குறைந்த விலைக்காரருக்குப் போகும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியில் நான் தொங்கிக்கொண்டேன்.

சுப்பம்மா அடுத்த நாள் வழக்கம்போல ஐயாத்துரையின் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்றாள். அவர் வரம்பில் நின்று, "சுப்பம்மா, மனசிலை ஒண்டும் வச்சுக்கொள்ளாதை," என்றாராம். "இல்லைங்க ஐயா," என்றாளாம். இதை மீனம்மா வந்து சொன்னபோது எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

முதலாம் நாள். சிவனேஸ்வரி மூன்று பேருக்கு இடியப்பம் அவித்துப் பழகியவ. முந்நூற்றறுபது என்றதும் புருஷனைப் பார்த்து, "ஊருக்கு முன்னாலை நீங்கள்தானே கைதட்டு வாங்கினீங்கள், நீங்களே பிழியுங்கோ," என்று இடியப்ப உரலை அவருடைய கையில் கொடுத்துவிட்டா. ஏழு மணிக்கு வரவேண்டிய சாப்பாடு பத்தரைக்கு உழவு இயந்திரத்தில் வந்தது. இடியப்பம் என்று அடையாளம் காணக்கூடியவை நாற்பத்தொன்று. மற்றவை மாவுருண்டை. ஐயாத்துரைக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. பெடியன்கள் மாவுருண்டையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். நான் பதிவேட்டில் "திருப்தியில்லை" என்று எழுதினேன். என் உத்தியோக காலத்திலேயே அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

இரண்டாம் நாள் ஐயாத்துரை கிளிநொச்சிச் சாப்பாட்டுக் கடைகளில் சொல்லிவைத்து வாங்கி பஸ்ஸில் ஏற்றினார். பஸ் வழியில் நின்றுவிட்டது. சொதி புளித்து வந்து சேர்ந்தது, அதுவும் சான்று இல்லாத குசினியிலிருந்து. திருப்தியில்லை.

இன்னும் ஒரு நாள்தான். அன்று பின்னேரம் நான் சுப்பம்மாவின் கொட்டிலுக்குப் போனேன். அவர் கட்டாயம் இங்கே வருவார் என்று எனக்குத் தெரியும். வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடு என்று அவளுக்குச் சொல்லப் போனேன். சொல்லி வாய் மூடவில்லை, படலையடியில் ஐயாத்துரை. அந்த முற்றத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தரம். மீனம்மா எழும்பி ஒரு கதிரையை எடுத்து வைத்தாள். அவர் அதில் இருக்கவில்லை.

"சுப்பம்மா, நாளைக்கு விடியப்புறம் நீயும் மீனம்மாவும் வாங்கோ. எங்கடை வளவுக்கை மாட்டு மால் பக்கத்திலை அடுப்பு மூட்டித் தாறன். அவிச்சுத் தந்தால் காணும். ஆளுக்கு இருபது ரூபா கூலி."

அவளுடைய இடியப்பம், அவளுடைய கை, அவருடைய மாட்டுக் கொட்டில், அவருடைய பெயர், இருபது ரூபாய் கூலி. எனக்கு உச்சிவரை ஏறியது. அவள் வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன்.

"மாலிலை அவிக்கேலாது, அண்ணை. பரிசோதகர் சான்று தந்தது உங்கடை குசினிக்கு. அங்கை மட்டும்தான் அவிக்கலாம். விதி."

அவர் என்னைப் பார்த்தார். நான் வெற்றிக் களிப்பில் நின்றேன். விதியை இவ்வளவு காலமும் மற்றவர்கள்தான் என்மேல் எறிந்திருக்கிறார்கள், நான் ஒருவர்மேல் எறிந்தது அதுதான் முதல் தரம். அப்போது சுப்பம்மா பேசினாள்.

"அப்ப வூட்டுக் குசினியிலயே அவிக்கட்டுங்களா ஐயா?"

இவளுக்கு என்ன பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதுதான் கதவைப் பூட்டினேன், இவள் போய்த் திறந்துவிடுகிறாளே! அவளுடைய காலை மிதிக்கப் பார்த்தேன், எட்டவில்லை.

ஐயாத்துரை பெருவிரலால் மண்ணைக் கிளறினார். பக்கத்து வளவில் யாரோ மாட்டைக் கூப்பிடுவது கேட்டது. முந்நூறு ரூபாய் பிணை, ஊருக்கு முன்னால் வாங்கிய கைதட்டு, ராஜரத்தினம் சிரிக்கப்போகிற சிரிப்பு, எல்லாம் அவர் முகத்தில் போய்ப்போய் வந்தன. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் தப்பிவிடும்.

"அது சரிவராது, சுப்பம்மா," என்றார் கடைசியில். "அவா சம்மதிக்கமாட்டா."

சிவனேஸ்வரியை ஒருவரும் கேட்கவில்லை. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். மூன்றாம் நாள் காலை கல்லூரிக்கு ஒன்றும் வரவில்லை. பெடியன்கள் வெறும் தேத்தண்ணியோடு வகுப்புக்குப் போனார்கள். அதிபர் முந்நூறு ரூபாயைப் பறிமுதல் செய்து கையெழுத்து வைத்தார். கேள்விப்பத்திரம் சுப்பம்மாவுக்குப் போனது.

திங்கட்கிழமை சரியாக ஏழு மணிக்கு அவளும் மீனம்மாவும் தலையில் பெட்டிகளோடு வந்தார்கள். முந்நூற்றறுபது, நாலரை அங்குலம், ஆவி பறக்கப் பறக்க. பெடியன்கள் சொதிச் சட்டியை வழித்து நக்கினார்கள். அதிபர்கூட ஒரு சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் வந்து நின்றார், விதி என்ன சொல்லுது என்று கேட்கவில்லை. ராஜரத்தினம் முதலாளி மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி ஒருதரம் மணத்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் "திருப்தி" என்று எழுதி, சுப்பம்மாவைப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"கெட்டிக்காரி நீ. குசினியிலை அவிக்கட்டோ எண்டு கேட்டாய் பார், அதிலை மனுசன் அப்பிடியே மடங்கிப்போனார். நான் விதியைச் சொல்லி மறிச்சதை விட அது நல்ல அடி."

சுப்பம்மா பேனையைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"அடிக்கிறதுக்குக் கேக்கலிங்கம்மா. வான்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்."

"உனக்கென்ன விசரே? போயிருந்தால் இது உனக்குக் கிடைச்சிருக்காது. வருஷம் முழுக்க அவருக்குக் கூலிக்கு அவிச்சுக்கொண்டு இருந்திருப்பாய்."

"ஆமாங்க. தெரிஞ்சுதான் கேட்டேன்." அவள் குனிந்து தன் பெயரின் முதலெழுத்தை மெல்ல எழுதினாள். "அஞ்சு வருசமா அந்த வூட்டு நெல்லு நான் நட்டது, நான் அறுத்தது, நான் குத்துனது. அரிசி உள்ள போவுதுங்க. நான் வாசல்ல நிக்கிறேன். ஒரு நாளைக்கு வான்னு கூப்பிட்டிருந்தா இந்த டெண்டர் போனாலும் போவுதுன்னுதான் இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஐயாத்துரையைத் திட்டத்தான் வந்தது. யாழ்ப்பாணத்து எடுப்பு, மரமண்டை, நாக்கு நுனியில் நின்றன. அவள் எனக்கு முன்னால் மேசையில் குனிந்து மிச்ச எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் போட முதல் அந்தக் கேள்விப்பத்திரத்தை நிரப்ப அவள் மூன்று பின்னேரம், கல்லூரியடியில் நான் இருந்த என் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று நாளும் நான் உள்ளே கதிரையில் இருந்து எழுதினேன். அவள் வெளியே படியில் இருந்து பதில் சொன்னாள். கடைசி நாள் மழை பெய்தது, அவளுடைய முதுகு நனைந்தது. நான் படிவம் நனையாமல் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவள் கையெழுத்தை முடித்துப் பேனையை மூடி என்னிடம் நீட்டினாள். என் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே என்று எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது.